சுகுமார் ரே: பேயையும் பூதத்தையும் பிள்ளைகளுக்குக் கூட்டாளி ஆக்கியவர்

சிவகாசியில் அச்சான காலண்டர் ஒன்றை எடுத்து, அதன்மேல் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். முருகன் முகம் மறைந்துபோகும். அங்கே இருப்பது வெறும் புள்ளிகள். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். விருதுநகர் பக்கம் சூலக்கரையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற ஊர்தான் சிவகாசி. அங்கே அச்சகத்தில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்தப் புள்ளிக் கணக்கைச் சொல்வார்கள். புள்ளி பெரிசானால் கறுக்கும், சிறிசானால் வெளுக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்தப் புள்ளி வித்தையை இந்தியாவில் ஆரம்ப நாட்களிலேயே கரைத்துக் குடித்த குடும்பம் ஒன்று கல்கத்தாவில் இருந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் இங்கிலாந்து போய் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். வந்தவர் எழுதியது பேய்க்குழந்தை, கொம்பு வைத்த பூதம், நிழலைப் பிடித்து விற்கும் மனிதன், சிரிக்கத் தடை விதிக்கப்பட்ட பிராணி என்று பிள்ளைகளுக்கான பாட்டுக் கதைகள். பக்கத்துக்குப் பக்கம் படமும் அவரே போட்டார். 35 வயதில் இறந்துபோனார். அவருடைய பாட்டுப் புத்தகம் அவர் இறந்து 9 நாள் கழித்துத்தான் கடைக்கு வந்தது.

அவர் சுகுமார் ரே. தமிழ்நாட்டில் பெரும்பாலும் சத்யஜித் ரேயின் அப்பா என்றுதான் தெரியும். வங்காளத்தில் கதை வேறு. அங்கே நிறைய பேருக்கு சத்யஜித்தான் சுகுமாரின் மகன்.

அப்பா தொடங்கிய அச்சகம்

சுகுமார் பிறந்தது 1887 அக்டோபர் 30. அப்பா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங் பகுதிக்காரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காமதாரஞ்சன். ஐந்து வயதில் உறவுக்கார ஜமீன்தார் ஒருவர் தத்தெடுத்துக்கொண்டு பெயரை மாற்றினார். வளர்ந்தபின் கல்கத்தா வந்து பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். வயலின் வாசிப்பார், படம் வரைவார், நட்சத்திரம் பார்ப்பார், பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார். அம்மா பிதுமுகி, சமூக சீர்திருத்தக்காரர் துவாரகாநாத் கங்குலியின் மகள். துவாரகாநாத்தின் இரண்டாவது மனைவி காதம்பினி கங்குலி, இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்களில் ஒருவர். பிள்ளைகள் வளர்ந்தது இப்படிப்பட்ட வீட்டில்.

வீட்டில் சுகுமாரின் செல்லப்பெயர் தாதா, அக்கா சுகலதாவின் செல்லப்பெயர் ஹாசி. இரண்டுமே தாகூரின் 'ராஜரிஷி' நாவலில் வரும் அக்கா தம்பியின் பெயர்கள். தாகூர் உபேந்திரகிஷோரின் நண்பர். அந்த நட்பு அடுத்த தலைமுறைக்கும் வந்து, கடைசியில் ஒரு மரணப் படுக்கை வரைக்கும் நீண்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

உபேந்திரகிஷோர் பிள்ளைகளுக்காக ராமாயணம் எழுதி, படமும் வரைந்து கொடுத்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து வந்ததைப் பார்த்தபோது படங்கள் பாழாகிக் கிடந்தன. வேறு ஒருவராக இருந்தால் அச்சகத்துக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பார். இவர் கோபத்தை வேறு வழியில் காட்டினார். இங்கிலாந்திலிருந்து கேமராவும் கருவிகளும் வரவழைத்து, 1895ல் சொந்தமாகவே பிளாக் தயாரிக்கும் கூடத்தை ஆரம்பித்துவிட்டார். அதுதான் பின்னால் 'யு. ரே அண்ட் சன்ஸ்' ஆனது.

அங்கே நடந்தது என்ன? ஒரு புகைப்படத்தில் கறுப்பும் உண்டு, வெளுப்பும் உண்டு, நடுவில் ஆயிரம் சாம்பல் நிறமும் உண்டு. அச்சு இயந்திரத்துக்கோ மை ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. சாம்பல் என்று ஒன்று தெரியாது. எனவே படத்துக்கும் பிலிமுக்கும் நடுவே நுண்ணிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போட்ட கண்ணாடியை வைத்துப் படம் பிடிக்கிறார்கள். வெளிச்சம் அந்தக் கட்டங்கள் வழியாக வரும்போது புள்ளிகளாகச் சிதறுகிறது. கறுப்பு அதிகமான இடத்தில் புள்ளி பருக்கும். வெளுத்த இடத்தில் சிறுக்கும். தூரத்திலிருந்து பார்க்கிற கண் அதைச் சாம்பல் நிறமாக எடுத்துக்கொள்ளும். இதற்குத்தான் ஹாஃப்டோன் என்று பெயர். கண்ணாடிக்கும் பிலிமுக்கும் இடைவெளி எவ்வளவு, லென்ஸ் துவாரத்தின் வடிவம் என்ன, கோடுகள் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். உபேந்திரகிஷோர் இதைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து, லண்டனில் வெளியான 'பென்ரோஸ்' ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பிய அச்சுக்காரர்களுக்கே பாடம் சொன்ன மனிதர்.

மகன் வளர்ந்தது இந்த மை வாசத்துக்கு நடுவில். படம் வரைவதற்கு என்று சுகுமார் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. பிரசிடென்சி கல்லூரியில் அவர் படித்தது இயற்பியலும் வேதியியலும். 1906ல் இரண்டிலும் ஹானர்ஸ் வாங்கித் தேறினார்.

நண்பர்கள் கூட்டம்

கல்லூரி முடிந்த கையோடு வீட்டில் ஒரு சங்கம் கூட்டினார். பெயர் நான்சென்ஸ் கிளப். கிறுக்குத்தனத்துக்கு ஒரு சங்கம்! உறுப்பினர்கள் எல்லாம் தம்பி தங்கைகளும் கூட்டாளிகளும்தான். அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் உண்டு. அதன் பெயர் கல்கத்தா தெருவில் விற்கிற 32 வகைச் சாமான் போட்ட மிக்சரின் பெயர். அந்த மிக்சர் மேலே பாதி மிளகாய் ஒன்றை வைத்துத் தருவார்கள். அதனால் கணக்கு முப்பத்திரண்டரை ஆகிவிட்டது. பத்திரிகைக்கு அதே பெயர்: 'சாரே பத்ரிஷ் பாஜா'. கிளப்புக்காக அவர் எழுதிய நாடகங்களில் ஒன்று, லட்சுமணன் சக்தி ஆயுதத்தால் அடிபட்டு விழும் ராமாயணக் காட்சி. சோகக் கட்டத்தையே எடுத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க எழுதியிருப்பார். யார் மனமும் புண்படவில்லை. இன்றும் பள்ளிப் பிள்ளைகள் நடிக்கிறார்கள்.

இங்கிலாந்து போய்த் திரும்பியபின் இன்னொரு சங்கம், மண்டே கிளப். திங்கட்கிழமை கூடுவதால் அந்தப் பெயர். ஆனால் வங்காளத்தில் மண்டா என்பது ஒரு இனிப்பு. கூட்டத்துக்கு வருகிறவர்கள் தின்கிற தீனியைப் பார்த்து அதை மண்டா கிளப் என்றே ஆக்கிவிட்டார்கள். வந்தவர்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி, கவிஞர் சத்யேந்திரநாத் தத்தா, பாடலாசிரியர் அதுல் பிரசாத் சென். ஒருநாள் பிளேட்டோ, இன்னொருநாள் விவேகானந்தர் என்று பேச்சு ஓடும். அழைப்பிதழ் சுகுமார் எழுதிய கேலிப்பாட்டாக, சொந்த அச்சகத்தில் அச்சாகி வரும்.

இவர்களை ஏன் இவ்வளவு சொல்ல வேண்டும்? சுகுமாரின் பாட்டுகள் தனி அறையில் பிறந்தவை இல்லை. முதலில் யாரையோ சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்டவை. கேட்டதும் எதிரில் இருக்கிறவன் முகம் மாறணும். அந்த வேகம் அச்சுக்குப் போன பிறகும் வரிகளில் மிச்சம் இருக்கிறது.

லண்டன், மான்செஸ்டர்

1911ல் குருபிரசன்ன கோஷ் உதவித்தொகை கிடைத்து இங்கிலாந்து போனார். லண்டனில் புகைப்பட அச்சும் லித்தோகிராபியும் சொல்லித்தரும் பள்ளியில் சேர்ந்து, பிறகு மான்செஸ்டர் தொழில்நுட்பப் பள்ளிக்கு மாறினார். அப்பாவின் ஹாஃப்டோன் முறையைப் பற்றி அங்கே விளக்கினார். தானும் தொழில்நுட்பக் கட்டுரைகள் எழுதினார். 1912ல் தாகூரும் லண்டன் வந்து சேர்ந்தார். ஓவியர் ரோத்தன்ஸ்டைன் வீட்டில் ஆங்கிலக் கவிஞர்கள் தாகூரைச் சுற்றி உட்கார்ந்த காலம் அது. சுகுமார் தாகூரின் கவிதையைப் பற்றி அங்கே ஒரு சபையில் கட்டுரை வாசித்தார். அது 'தி குவெஸ்ட்' இதழிலும் வந்தது. நோபல் பரிசு அறிவிப்புக்கு முன்பே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1913ல் ஊர் திரும்பினார். அதே வருஷ டிசம்பரில் சுப்ரபாவுடன் கல்யாணம். சுப்ரபா நன்றாகப் பாடுவார்.

சந்தேஷ்

சுகுமார் ஊர் திரும்புவதற்குச் சில மாதம் முன்பு, 1913ல், உபேந்திரகிஷோர் பிள்ளைகளுக்கான மாத இதழ் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பெயர் 'சந்தேஷ்'. வங்காளத்தில் அதற்குச் செய்தி என்றும் அர்த்தம், பால்கோவா மாதிரி ஒரு இனிப்பு என்றும் அர்த்தம். கதை, பாட்டு, விஞ்ஞானம், விடுகதை, வண்ணப்படம் எல்லாம் இருக்கும். 100, கர்பார் ரோட்டில் குடும்பம் சொந்தமாக வீடு கட்டியது. முன்பக்கம் அச்சகம், பின்பக்கம் குடித்தனம். ஆனால் உபேந்திரகிஷோர் அந்த வீட்டில் அதிக நாள் வாழவில்லை. 1915 டிசம்பரில் 52 வயதில் காலமானார். இதழும் அச்சகமும் 28 வயது சுகுமாரின் தலையில் வந்து விழுந்தன.

இங்கேதான் அவர் எழுத்து பெருக்கெடுத்தது. மாதாமாதம் பக்கம் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் பல எழுத்தாளர்களைக் கெடுத்திருக்கிறது, இவரை வளர்த்தது. பாக்லா தாஷு என்ற பள்ளிக்கூடப் பையன் கதைகள் 'சந்தேஷ்' மூலம் வந்தன. எல்லாரும் கிறுக்கன் என்று ஒதுக்கும் தாஷு, உண்மையில் வகுப்பிலேயே சூட்டிகையானவன். சேர்ந்து விளையாடவும் யோசிக்கிறார்கள், விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அந்த மாதிரி ஒரு சிநேகிதன் எல்லார் வகுப்பிலும் இருந்திருப்பான். 1940ல் அந்தக் கதைகள் நூலாக வந்தபோது தாகூர் முன்னுரை எழுதினார். 'ஹ-ஜ-ப-ர-ல' என்ற நீண்ட கதையில் கைக்குட்டை பூனையாகிவிடும். கணக்குப் போடும் ஒரு காக்கா வரும். ஆங்கிலத்து ஆலிஸ் கதையின் சாயல் அதில் உண்டு, ஆனால் அந்தக் காக்காவும் அது நடத்தும் கணக்கும் அசல் கல்கத்தா குமாஸ்தா உலகம்.

பயமும் சிநேகமும்

இதழில் வந்த பாட்டுகளின் தொகுப்புதான் 'ஆபோல் தாபோல்'. தமிழில் உளறல், பிதற்றல் என்று சொல்லலாம். இந்த நூலில்தான் பேய்களும் பூதங்களும் நிறைந்திருக்கின்றன.

ஒரு பாட்டில் நிலா வெளிச்சத்தில் ஒரு பேய்க்குட்டி விளையாடுகிறது. பக்கத்தில் அதன் தாய்ப்பேய். தாய் கொஞ்சுகிறாள். கொஞ்சும் வார்த்தை எல்லாம் நம் காதுக்கு வசவு மாதிரி இருக்கும். ஆனால் குட்டிக்கு ஒரே சந்தோஷம். பேய்க்கும் அம்மா உண்டு, பேய் அம்மாவுக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இதைப் படித்த பிள்ளை ராத்திரி புழக்கடைக்குப் போகும்போது பயப்படுமா? கொஞ்சம் பயப்படும். கூடவே அந்தக் குட்டி எங்காவது கண்ணில் படுமா என்றும் தேடும்.

இன்னொன்று இதைவிடச் சுவாரசியம். கொம்பு வைத்த ஒரு பிராணி, எதிரில் வருகிற ஒருவனைப் பார்த்து பயப்படாதே என்கிறது. உன்னை அடிக்க மாட்டேன், உன்னோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு ஏது, என் குகைக்கு வா, நாலு நாள் தங்கு என்று உபசாரம் செய்கிறது. கையில் இருக்கிற கதாயுதத்தைப் பார்த்துப் பயப்படாதே, அது ரொம்ப லேசு என்கிறது. அவன் நகரவில்லை. பிராணிக்குக் கோபம் வருகிறது. கடைசியில், வீணாகப் பயந்துகொண்டே இருந்தால் நானும் என் பெண்டாட்டியும் ஒன்பது மகன்களும் சேர்ந்து கடித்துவிடுவோம் என்று முடிக்கிறது. சிநேகம் பண்ண ஆசைப்படுகிறவன் பொறுமை இழந்தால் எப்படி இருக்கும் என்பதை இதற்குமேல் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் புதுசாய் வந்த பையனிடம் முரட்டுப் பையன்கள் இப்படித்தான் சிநேகம் பிடிப்பார்கள். படமும் அப்படியே: வாய் சிரிக்கிறது, கையில் தடி இருக்கிறது. பாட்டு சொல்லாத பாதியைப் படம் சொல்லிவிடுகிறது.

நிழல் பிடிக்கிறவனின் பாட்டு கொஞ்சம் இருண்டது. வெயில் நிழல், நிலா நிழல், பறக்கிற பறவையின் நிழல், ஒவ்வொரு மரத்தின் நிழலும் ஒவ்வொரு நோய்க்கு மருந்து. அவன் பிடித்து, சீசாவில் அடைத்து, 14 அணாவுக்கு விற்கிறான். நம்மூர் பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்கிறவர் குரல் அப்படியே கேட்கும்.

பிராணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பாட்டும் பிரபலம். வாத்தும் முள்ளம்பன்றியும் ஒன்றாகிவிடும், கொக்கும் ஆமையும் ஒன்றாகிவிடும், யானையும் திமிங்கிலமும் ஒன்றாகிவிடும். பெயர்களும் அதே மாதிரி ஒட்டிக்கொள்ளும். கொக்குக்கு இந்தப் புது உருவம் ரொம்பப் பிடித்துப்போகிறது. ஆமையிடம் பெருமையாய்ச் சொல்கிறது. யானைக்கோ காடு வேண்டும், திமிங்கிலத்துக்குத் தண்ணீர் வேண்டும். உடம்பு ஒன்றான பிறகு சண்டை வராமல் இருக்குமா?

சிரிப்பது தப்பு என்று நம்பும் ஒரு பிராணி, தன் மீசையை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஆபீசையே ரகளை பண்ணும் பெரிய அதிகாரி, மாலை ஆறு மணிக்கு முன் தும்முவதற்கு டிக்கெட் எடுக்க வேண்டிய நாடு என்று இன்னும் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதில் வெள்ளைக்காரன் சட்டத்தின் மீது நக்கல் இருப்பதாகப் பல விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்தால் அப்படித்தான் தோன்றும். பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டியதில்லை. தும்மலுக்கு டிக்கெட் என்பதே போதும்.

தமிழில் இதே காலத்தில் என்ன நடந்தது? பாரதியார் 'பாப்பா பாட்டு' எழுதியது 1915ல். சுகுமார் அப்பாவை இழந்ததும் அதே வருஷம். அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' வந்தது 1944ல். நம் குழந்தைப் பாட்டு மரபு பெரியது, இனிமையானது. ஆனால் அதில் நல்லொழுக்கம் கொஞ்சம் தூக்கல். பாட்டிமார் சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசும் புளியமரத்து முனியும் ராத்திரித் திண்ணையோடு நின்றுவிட்டன. பிள்ளைகளின் பாட்டுப் புத்தகத்தில் அதிகம் ஏறவில்லை. பயம் காட்டுவது பிள்ளைக்கு ஆகாது என்ற எண்ணம் படித்தவர்களிடம் இருந்தது. சுகுமார் அந்தப் பயத்தைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, பாயைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்.

கூட்டாளிகளுக்காக ஒரு சண்டை

சிரிப்பும் விளையாட்டுமாகவே இருந்துவிடவில்லை அவர். சாதாரண பிரம்ம சமாஜத்தில் இளைஞர் அணியின் முன்னணியில் இருந்தார். தாகூரைச் சமாஜத்தின் கௌரவ உறுப்பினராக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். மூத்தவர்கள் பலருக்கு அதில் இஷ்டமில்லை. தாகூரின் எழுத்தும் போக்கும் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. மஹலனோபிஸ், தாகூர் ஏன் வேண்டும் என்று விளக்கி 1921ல் ஒரு சிறுநூல் போட்டார். சுகுமார் தோளோடு தோள் நின்றார். கடைசியில் இளைஞர்கள் ஜெயித்தார்கள். ஆனால் சொந்த வீட்டு மனிதர்கள் மாதிரி இருந்த பெரியவர்களோடு மோதியது லேசான காரியம் இல்லை.

இரண்டரை வருஷக் காய்ச்சல்

1921 மே 2 அன்று மகன் பிறந்தான். சத்யஜித் என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் மைமன்சிங் பக்கம் இருந்த குடும்ப நிலத்தைப் பார்க்கப் போய்விட்டு வந்த சுகுமாருக்குக் காய்ச்சல் கண்டது. போகவில்லை. அது காலா அசார், அதாவது கருங்காய்ச்சல். மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி நோய். மண்ணீரலையும் ஈரலையும் வீங்க வைத்து, ரத்தத்தைக் குறைத்து, ஆளை மெல்ல மெல்லக் கரைக்கும். இந்த ஒட்டுண்ணியை 1903ல் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வேலை பார்த்த சார்லஸ் டோனவன்.

கொடுமை என்னவென்றால், அதே கல்கத்தாவில், அதே வருஷங்களில், உபேந்திரநாத் பிரம்மச்சாரி என்ற டாக்டர் இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். கேம்ப்பெல் மருத்துவமனையின் ஒரு சிறிய அறையில் அவர் உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் பின்னால் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. அது பரவலான பயன்பாட்டுக்கு வருவதற்குள் சுகுமாரின் காலம் முடிந்துவிட்டது. ஒரே ஊர். சில வருஷம்தான் வித்தியாசம்.

படுக்கையில் கிடந்தபடியே எழுதினார், வரைந்தார். 'சந்தேஷ்' நிற்கவில்லை. காற்று மாற்றத்துக்காகக் கங்கைக் கரையில் சோதேபூரில் கொஞ்ச நாள் இருந்தார்கள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்ததும், ஆற்றில் ஒரு கப்பல் போவதைக் காட்டியதும் சத்யஜித்துக்குக் கடைசி வரை நினைவிருந்தது. அப்பாவைப் பற்றி அவருக்குச் சொந்தமாக இருந்த நினைவு ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதே சமயம் கல்கத்தாவில் இன்னொரு கதையும் நடந்தது. 1922ல் சிவகாசியிலிருந்து ஐய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். சில மாதம் தங்கிக் கற்றுவிட்டு ஊர் திரும்பித் தொழிலை ஆரம்பித்தார்கள். தீப்பெட்டி வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. பட்டாசு, காலண்டர், நோட்டுப் புத்தகம் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. கர்பார் ரோட்டு வீட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் வறண்ட பூமியிலிருந்து போன இரண்டு பேர் தீக்குச்சி கற்றுக்கொண்டிருந்த அதே ஊரில், நாட்டின் தேர்ந்த அச்சு நிபுணர் ஒருவர் படுத்த படுக்கையில் தன் கடைசிப் புத்தகத்துக்குப் பக்கம் பிரித்துக்கொண்டிருந்தார் என்பது நினைக்க வைக்கிறது.

அந்தப் புத்தகம்தான் 'ஆபோல் தாபோல்'. எந்தப் பக்கத்தில் எந்தப் பாட்டு, எங்கே படம், எவ்வளவு இடைவெளி என்று மாதிரிப் புத்தகமே தயாரித்தார். அட்டையையும் அவரே வடிவமைத்தார். புத்தகத்தின் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் ஒரே தலைப்பு, புத்தகத்தின் தலைப்பேதான். முதல் பாட்டு கிறுக்கர்களையெல்லாம் வா வா என்று அழைக்கும். கடைசிப் பாட்டு சாவதற்குக் கொஞ்சம் முன்பு எழுதியது. சிரிப்பு அதிலும் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் மங்கிக்கொண்டே போகிறது. தூக்கத்தைப் பற்றிய பேச்சோடு நின்றுவிடுகிறது.

1923 ஆகஸ்ட் கடைசியில் தாகூர் பார்க்க வந்தார். சுகுமார் பாடச் சொல்லிக் கேட்டார். தாகூர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினார். வயதில் 26 வருஷம் மூத்தவர், உலகம் சுற்றிய கவிஞர். நண்பனின் மகன் கேட்ட பாட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார்.

செப்டம்பர் 10 அன்று சுகுமார் இறந்தார். 36 வயது முடிய இன்னும் 50 நாள் இருந்தது. செப்டம்பர் 19ல் 'ஆபோல் தாபோல்' வெளியானது. அச்சான பிரதியை அவர் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு

தம்பி சுபினய் கொஞ்ச காலம் இதழை நடத்திப் பார்த்தார். முடியவில்லை. சில வருஷத்துக்குள் 'யு. ரே அண்ட் சன்ஸ்' கடனில் மூழ்கிக் கைமாறியது. கர்பார் ரோட்டு வீடும் போனது. சுப்ரபா சின்னப் பையனைக் கூட்டிக்கொண்டு பவானிப்பூரில் தன் அண்ணன் தம்பிமார் வீட்டுக்குப் போனார். விதவைப் பெண்களுக்கான பள்ளியில் தையல் வேலை சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். மகனைப் படிக்க வைத்தார், சாந்திநிகேதனுக்கும் அனுப்பினார். இவரைப் பற்றி யாரும் நிறைய எழுதவில்லை. சுகுமாரின் கதையில் சுப்ரபாவுக்குக் கிடைக்கிற இடம் எப்போதுமே சிறியதுதான்.

1961ல் சத்யஜித், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து 'சந்தேஷ்' இதழை மறுபடி ஆரம்பித்தார். 1969ல் தாத்தா உபேந்திரகிஷோரின் கதையைப் படமாக்கினார். 'கூபி காயன் பாகா பாயன்': பாடத் தெரியாத ஒருவனும் மேளம் அடிக்கத் தெரியாத ஒருவனும் காட்டில் சந்தித்துச் சிநேகமாகி, பேய்களின் ராஜாவிடம் வரம் வாங்கும் கதை. அந்தப் பேய் நடனக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பேய் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டியவர் என்று.

சிவகாசியும் சும்மா இருக்கவில்லை. 1972ல் 'இரும்புக்கை மாயாவி' கதையோடு முத்து காமிக்ஸ் வந்தது அந்த ஊரிலிருந்துதான். கரண்டு பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற ஒருவன், தென் மாவட்டத்துப் பையன்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூட்டாளி ஆனான். கதை வெளிநாட்டுச் சரக்கு. புள்ளியும் மையும் உள்ளூர்.

1987, சுகுமாரின் நூற்றாண்டு. சத்யஜித் அப்பாவைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அரை மணி நேரம்தான் ஓடும். புகைப்படங்கள், கையெழுத்துப் பிரதிகள், இதழின் பக்கங்கள், அந்தக் கொம்பு வைத்த பிராணிகள். அப்பாவின் நாடகங்களிலிருந்து சில காட்சிகளை நடிக்க வைத்துச் சேர்த்தார். அப்போது சத்யஜித்துக்கு 66 வயது. அப்பா வாழ்ந்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.